ராஜகிரி: பாதியில் திரும்பியவர்களுக்கு

செஞ்சிக் கோட்டைக்குப் போய் ராஜகிரி உச்சியைப் பார்க்காமல் வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். கல்யாண மகால் முன்னால் குடும்பத்தோடு படம் எடுத்திருப்பார்கள். யானைக்குளம், தானியக் களஞ்சியம் எல்லாம் சுற்றியிருப்பார்கள். படியேறத் தொடங்கி, கமலக்கண்ணி அம்மன் கோயில் வரைக்கும்கூடப் போயிருப்பார்கள். அங்கே உட்கார்ந்து மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, "போதும்பா, இன்னொரு தடவை பார்த்துக்கலாம்" என்று இறங்கியிருப்பார்கள். இன்னொரு தடவையும் வந்து, அதே இடத்தில் உட்கார்ந்து, அதையே சொல்லி இறங்கியவர்களும் உண்டு. இந்த அத்தியாயம் அவர்களுக்கானது. முதல்முறை போகிறவர்களும் படிக்கலாம். படித்துவிட்டுப் போனால் இன்னொரு தடவை தேவைப்படாமல் போகலாம்.

ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. வெள்ளியங்கிரியும் பர்வதமலையும் ஏறி இறங்கியவர்கள் இதை மலைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். வழியெல்லாம் கல்படி. வழி தவறிப் போகவும் இடமில்லை. ஆனாலும் நல்ல உடற்கட்டுள்ள இளைஞர்கள் பாதியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களைத் தாண்டி, அறுபதைக் கடந்த உள்ளூர் அம்மாக்கள் பூக்கூடையோடு அம்மன் கோயிலுக்கு ஏறிப் போகிறார்கள். உடல் வலு ஒன்றுதான் காரணம் என்றால் இது நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்?

காரணத்தைப் பாதையில் தேட வேண்டும். பழனியிலும் சோளிங்கரிலும் படி கட்டியவர்கள், ஏறி வருகிறவர் மேலே வந்து சாமி பார்க்க வேண்டும் என்று நினைத்துக் கட்டினார்கள். அதனால்தான் வழியில் மண்டபம், நிழல், தண்ணீர் எல்லாம் வைத்தார்கள். ராஜகிரிக்குப் படி வைத்தவர்களின் எண்ணம் வேறு. அவர்கள் கணக்கில் ஏறி வருகிறவன் எதிரி. அவன் உச்சிக்கு வரக் கூடாது. வந்தாலும் வாளைத் தூக்கத் தெம்பில்லாமல் வர வேண்டும். ஒரு வாயிலைத் தாண்டினால் அடுத்த வாயில் நேரே தெரியாது. திரும்பி, மேலேறி, மறுபடி திரும்பினால்தான் தெரியும். முட்டி மோத ஓட்டம் எடுக்க இடம் கிடைக்காது. ஒரு படி அரையடி உயரம், அடுத்தது முக்கால் அடி, அதற்கடுத்தது முழங்காலை மார்புவரை தூக்க வைக்கும். வேண்டுமென்றே அப்படி வைத்தார்களோ, பாறை விட்ட வழியில் வைத்தார்களோ, நமக்குக் கிடைக்கும் பலன் ஒன்றுதான்: கால் ஒரு தாளத்தைப் பிடிப்பதற்குள் தாளம் மாறிவிடும். எனவே பாதியில் திரும்பியதற்காக யாரும் வெட்கப்பட வேண்டாம். அந்தப் பாதை எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த வேலையை அது இன்னும் செய்துகொண்டிருக்கிறது.

வரலாறும் இதையே சொல்கிறது. 1677-ல் சிவாஜி செஞ்சியைப் பிடித்து அரண்களை மேலும் பலப்படுத்தினார். அவர் மகன் ராஜாராம் 1689-ல் மராட்டிய நாட்டிலிருந்து தப்பி இங்கே வந்து சேர, அடுத்த ஆண்டு ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் பெரும் படையோடு கோட்டையை வளைத்தார். முற்றுகை 1698 வரை நீண்டது. நடுவில் மழையும் உணவுத் தட்டுப்பாடும் சேர்ந்து நெருக்க, 1693 தொடக்கத்தில் சுல்பிகர் கானே முற்றுகையை விட்டுவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார். பிறகு திரும்பி வந்தார். கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை; முன்பே தப்பிவிட்டார். இதே கோட்டையை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்தார். பகலில் ஏற முடியாததை இருளில் ஏறினார்கள். 1761-ல் ஆங்கிலேயர் வந்தபோது கோட்டையின் மற்ற இரண்டு குன்றுகளான கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும் முதலில் கைமாறின. ராஜகிரி கடைசியாகத்தான் பணிந்தது. வேளையைத் தேர்ந்தெடுப்பது, சின்னக் குன்றை முதலில் முடிப்பது என்ற இரண்டும் இன்றைக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறுகிறவருக்கும் பொருந்தும்.

எங்கே திரும்பினீர்கள்?

மறுபடி கிளம்புவதற்கு முன் இதை யோசித்துவிடுங்கள். திரும்பிய இடம் தெரிந்தால் காரணம் தெரிந்துவிடும்.

படி தொடங்கிய சில நிமிடங்களிலேயே திரும்பினீர்கள் என்றால், மலைக்கு வருவதற்கு முன்பே களைத்துவிட்டீர்கள் என்று பொருள். இதுதான் மிகவும் சாதாரணமாக நடப்பது. காலை எட்டு மணிக்குச் சென்னையில் கிளம்பி, திண்டிவனத்தில் சாப்பிட்டு, பதினொரு மணிக்குக் கோட்டைக்கு வந்து, கீழே உள்ள கட்டடங்களை எல்லாம் வெயிலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, உச்சிப் பொழுதில் படியில் கால் வைக்கிறோம். வெங்கடரமணர் கோயில், சாதத்துல்லா கான் மசூதி, உடற்பயிற்சிக் கூடம், குதிரை லாயம், கல்யாண மகால் என்று கீழ்க்கோட்டையே அரைநாள் பார்க்க வேண்டிய இடம். அதைப் பார்த்து முடித்துவிட்டு மலை ஏறக் கூடாது. மலை முதலில், மகால் பிறகு. வரிசையை இப்படி மாற்றியதனால் மட்டுமே உச்சியைத் தொட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கமலக்கண்ணி அம்மன் கோயிலை ஒட்டித் திரும்பினீர்கள் என்றால் வேகம்தான் காரணம். கீழ்ப்பகுதியில் மரநிழல் உண்டு. நிழல் இருக்கும்வரை கால் தானாக விரைகிறது, பேச்சும் சிரிப்புமாகப் போகிறோம். நிழல் முடிந்து வெறும் பாறை வரும்போது மூச்சு மிச்சமில்லை.

உச்சிக்குச் சற்றுக் கீழே, பாறைப் பிளவின் மேலுள்ள பாலத்தில் திரும்பினீர்கள் என்றால் அது கால் சம்பந்தப்பட்டதே அல்ல, பயம். அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

காவலாளி ஏற விடாமல் திருப்பி அனுப்பியவர்களுக்கு மருந்து ஒன்றுதான்: சீக்கிரம் வருவது. பிற்பகலில் ஒரு நேரத்துக்கு மேல் ராஜகிரிப் படியில் யாரையும் விடமாட்டார்கள். ஏறி இறங்கக் குறைந்தது மூன்று மணி நேரம் வேண்டும். கோட்டை சாத்துவதற்குள் எல்லாரும் கீழே வந்தாக வேண்டும். அவர்கள் சொல்வது நியாயம். வாதாடாதீர்கள்.

வீட்டிலேயே ஏற வேண்டிய எண்பது மாடி

ஒரு மாடிக்குப் பத்து அடி என்று வைத்தால் ராஜகிரி எண்பது மாடி உயரம். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் பயிற்சிக்கு இந்தக் கணக்கு மிகவும் உதவும். உங்கள் வீடு மூன்றாவது மாடியில் இருந்தால், நாலு முறை ஏறி இறங்கினால் பன்னிரண்டு மாடி. முதல் வாரம் அதோடு நிறுத்துங்கள். வாரத்துக்கு நாலு நாள் போதும். வாராவாரம் கொஞ்சம் கூட்டி, ஆறாவது வாரத்தில் நாற்பது மாடிவரை உட்காராமல் ஏற முடிகிறது என்றால் நீங்கள் தயார். எண்பதையும் வீட்டில் ஏறிப் பார்க்கத் தேவையில்லை. மலையில் நிறைய இடத்தில் நின்று நின்றுதான் போகப்போகிறோம்.

பயிற்சியில் எல்லாரும் விட்டுவிடுவது இறக்கம். மேலே போய்விட்டு லிஃப்டில் இறங்கிவிடுவார்கள். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசைக்கு இந்த இரண்டாவது வேலைதான் அதிகச் சேதம் செய்யும். உச்சியில் உற்சாகமாக நின்றவர் இறங்கும்போது கால் வெடவெடவென்று நடுங்கி, படியில் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்வதைப் பார்க்கலாம். படிக்கட்டில் மெதுவாக, ஒவ்வொரு படியிலும் பாதத்தை முழுசாக வைத்து இறங்கிப் பழகுங்கள்.

மாடி வீடு இல்லாதவர்கள் பக்கத்தில் இருக்கிற ஏதாவது ஒரு குன்றுக் கோயிலை வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்காரர்களுக்குப் பரங்கிமலை இருக்கிறது, திருநீர்மலை இருக்கிறது. செஞ்சிப் பக்கத்திலேயே தங்கிப் பழக நினைப்பவர்களுக்குச் சிங்கவரம் நல்ல இடம். குடைவரையில் பள்ளிகொண்டிருக்கும் அரங்கநாதர் பெரிய திருமேனி; படிகள் அதிகமில்லை. அதற்குப் பக்கத்தில் திருநாதர்குன்று. 24 தீர்த்தங்கரர்களையும் இரண்டு வரிசையாக ஒரே பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாமலிருந்து உயிர் துறந்ததைச் சொல்லும் பழங்கல்வெட்டும் அங்கே இருக்கிறது. ராஜகிரிக்கு வருகிறவர்களில் பத்தில் ஒருவர்கூட இதைப் பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம். மலை ஏறாவிட்டாலும் இதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இரண்டு முறைக்கு மேல் திரும்பியவர்களுக்கு என் திட்டமான ஆலோசனை: முதலில் கிருஷ்ணகிரி ஏறுங்கள். திருவண்ணாமலை சாலைக்கு வடக்கே இருப்பது, ராஜகிரியைவிடத் தாழ்ந்தது, படிகளும் ஓரளவு நல்ல படிகள். மேலே அரங்கநாதர் கோயில், களஞ்சியம், குவிமாடத்தோடு கூடிய அழகான மண்டபம் எல்லாம் இருக்கின்றன.  அங்கிருந்து தென்மேற்கே பார்த்தால் ராஜகிரி முழுசாகத் தெரியும்: எந்த இடம்வரை மரம், எங்கே வெறும் பாறை, கோயில் எங்கே, உச்சிக் கொத்தளம் எங்கே என்று கண்ணாலேயே ஒருமுறை ஏறிப் பார்த்துவிடலாம். மறுநாள் காலையில் ஏறும்போது, இன்னும் எவ்வளவு தூரம் என்று தெரியாத அந்த அலுப்பு இருக்காது.

இருதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், ஆஸ்துமா, முட்டித் தேய்மானம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் கிளம்பக் கூடாது. கேட்கும்போது "மலை ஏறலாமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "ஒரேயடியாக எண்பது மாடி உயரம், கரடுமுரடான படி, மேலே வண்டி வராது" என்று சொல்லிக் கேளுங்கள். பதில் மாறும்.

எந்த மாதம், எந்த நாள்

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடியும்வரை நல்ல காலம். மார்ச்சில் சமாளிக்கலாம். ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். அக்கினி நட்சத்திரத்தில் அந்தப் பாறை காலை பத்து மணிக்கே அனல் கக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் படி வழுக்கும். மேலே போனால் குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. 800 அடி ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஒன்றரை டிகிரிதான் குறையும். ஊட்டிக் கணக்கை இங்கே போடாதீர்கள். காற்று மட்டும் மேலே நன்றாக வீசும்.

பௌர்ணமியையும் அமாவாசையையும் தவிருங்கள். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலக் கூட்டத்தில் ஒரு பெரும் பகுதி செஞ்சி வழியாகத்தான் போகும். அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குக் கூட்டம் குவியும். அந்த நாட்களில் பஸ்ஸில் நிற்க இடம் கிடைப்பதும் லாட்ஜில் அறை கிடைப்பதும் கஷ்டம். சித்திரையில் கமலக்கண்ணி அம்மனுக்குத் திருவிழா நடக்கும். விழாவைப் பார்ப்பதற்கென்று போனால் அது தனி அனுபவம். உச்சி ஏறுவதற்கு அது நாளல்ல.

முதல்நாள் மாலையே செஞ்சிக்கோ திண்டிவனத்துக்கோ வந்து தங்கிவிடுவது உத்தமம். செஞ்சியில் ரயில் நிலையம் இல்லை. ரயிலில் வருகிறவர்கள் திண்டிவனத்தில் இறங்கி திருவண்ணாமலை பஸ் ஏற வேண்டும். செஞ்சி பஸ் நிலையத்திலிருந்து கோட்டைக்கு ஆட்டோ கிடைக்கும். தொல்லியல் துறையின் டிக்கெட் கவுன்ட்டர் திறக்கும்போது நீங்கள் வாசலில் நிற்க வேண்டும். உள்ளே போனதும் வலப்பக்கம் இடப்பக்கம் பார்க்காமல் படியை நோக்கி நடங்கள்.

பையில் என்ன? ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். படி தொடங்கிய பிறகு கடை எதுவும் கிடையாது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு, இல்லாவிட்டால் உப்பும் சர்க்கரையும் கரைத்த எலுமிச்சைத் தண்ணீர். தொப்பி அல்லது தலைத்துண்டு. ரப்பர் அடிப்பாகம் உள்ள காலணி. சாப்பாடு ரொம்பக் கட்ட வேண்டாம். அறுபத்தைந்து கிலோ எடையுள்ளவர் 800 அடி ஏறச் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ 150 கலோரி. மூன்று நாலு இட்லியில் கிடைத்துவிடும். ராஜகிரியில் பசியால் விழுந்தவர் யாருமில்லை, வயிறு முட்டப் பொங்கலும் வடையும் தின்றுவிட்டு ஏறித் திணறியவர்கள்தான் அதிகம். இட்லி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஏறுங்கள்.

குரங்குகள் நிறைய. பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டால் போதும், வந்துவிடும். தின்பண்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். தோளில் மாட்டும் பையின் அடியில், துணிக்குள் சுற்றி வையுங்கள். குழந்தை கையில் பிஸ்கெட் கொடுக்கவே கூடாது. ஒரு கம்பு கையில் இருந்தால் நல்லது, அடிப்பதற்கு அல்ல. கம்பைக் கண்டாலே அவை விலகிவிடும், இறங்கும்போது முட்டிக்கும் அது துணை.

ஏறும் முறை

முதல் பத்து நிமிடம் உங்களுக்கே எரிச்சல் வரும் அளவுக்கு மெதுவாக ஏறுங்கள். அளவுகோல் எளிது: பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு முறியாமல் பேச முடிய வேண்டும். நடுவில் வாய் பிளந்தால் வேகம் அதிகம். மூச்சு வாங்கிய பிறகு நிற்பது தவறு. வாங்குவதற்கு முன்னால் நிற்க வேண்டும். ஒரு திருப்பம் ஏறினால் ஒரு நிமிடம் நில்லுங்கள். உட்காராதீர்கள். உட்கார்ந்தால் கால் இறுகிவிடும், மனமும் வேர் விட்டுவிடும். நின்றபடியே இரண்டு வாய் தண்ணீர். பாட்டிலைக் கவிழ்த்துக் குடிக்கக் கூடாது.

உள்ளூர்க்காரர்கள் ஏறுவதைக் கவனியுங்கள். ஒருமுறை பூக்கூடையோடு ஏறிக்கொண்டிருந்த ஒரு அம்மா, தாவித் தாவிப் படியேறிய கல்லூரிப் பையன் ஒருவனைப் பார்த்துச் சொன்னார்: "இன்னாத்துக்குக் கண்ணு இந்த ஓட்டம்? அம்மா எங்கயும் ஓடிப் போவ மாட்டா. நின்னு நின்னு வா." அவன் சிரித்துவிட்டு மேலே ஓடினான். கோயிலுக்கு அந்த அம்மா வந்து சேர்ந்தபோது அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவர் கால் வைத்த விதத்தைப் பார்த்தேன். உயரமான படி வந்தால் நேராகத் தூக்கி ஏறவில்லை. படியின் ஓரத்தில், கல் உடைந்து சரிந்த இடத்தில் ஒரு காலை வைத்து, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு பெரிய படியை இரண்டு சின்னப் படிகளாக்கிக்கொண்டு ஏறினார். பாதம் முழுவதும் கல்லில் படிந்திருந்தது. முன்பாதத்தை மட்டும் ஊன்றி ஏறினால் பாரம் முழுக்கக் கெண்டைக்கால் தாங்க வேண்டும். குதிகாலும் படிந்தால் தொடையும் இடுப்பும் அதைப் பங்கு போட்டுக்கொள்ளும். படிகளின் நடுப்பகுதி தேய்ந்து வழவழவென்றிருக்கிறது. ஓரங்களில்தான் கல்லின் சொரசொரப்பு மிச்சம். அவர் ஓரமாகவே போனதற்கு அதுவும் காரணம்.

கமலக்கண்ணி அம்மன் கோயிலில் பத்து நிமிடம் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே மட்டும் உட்காரலாம். ராஜகிரிக்குக் கமலகிரி என்றொரு பழைய பெயர் உண்டு. மலைக்குக் காவல் தெய்வம் இவள்தான். கும்பிட்டுவிட்டு, உங்களை நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் மூச்சு சாதாரண நிலைக்கு வந்துவிட்டதா? வியர்வை வழிகிறதா? தலை தெளிவாக இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் மேலே போகலாம். நெஞ்சில் இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி, கண் இருட்டல், வியர்வை நின்று உடம்பு கொதித்தல் இவற்றில் ஒன்று இருந்தாலும் அதற்கு மேல் ஒரு படிகூட ஏறக் கூடாது. நிழலில் உட்கார்ந்து ஆளைக் கூப்பிடுங்கள்.

சோதனையில் தேறியும், "இங்கேதான் போன முறை திரும்பினேன்" என்ற நினைப்பு வரும். எழுந்து, திரும்பிப் பார்க்காமல், அடுத்த திருப்பம்வரை மட்டும் போவது என்று கிளம்புங்கள். உச்சியை அண்ணாந்து பார்க்க வேண்டாம். இங்கிருந்து வெயில் நேராக முதுகில் விழும், பாறை கீழிருந்தும் சுடும். இந்தப் பகுதிக்காகத்தான் சீக்கிரம் வரச் சொன்னேன்.

பிளவும் பாலமும்

உச்சிக் கோட்டைக்கு முன்னால் மலை இரண்டாகப் பிளந்திருக்கிறது. ஏறத்தாழ 24 அடி அகலம், 60 அடி ஆழம் என்று சொல்வார்கள். இயற்கையாக அமைந்த பிளவை மேலும் ஆழப்படுத்தியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அதன்மேல் மரப்பாலம். அதை எடுத்துவிட்டால் எத்தனை ஆயிரம் பேர் வந்தாலும் இக்கரையிலேயே நிற்க வேண்டியதுதான். செஞ்சியை வெல்ல முடியாத கோட்டை என்று சொல்ல வைத்ததில் இந்தப் பிளவுக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று நிரந்தரமாகப் பாலம் போட்டிருக்கிறார்கள். நடந்தால் சில விநாடி.

அந்தச் சில விநாடிக்காகத் திரும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள். உயரத்தைக் கண்டு வரும் பயம் அறிவுக்குக் கட்டுப்படாது. "ஒண்ணும் ஆகாது, வா" என்று இழுப்பது உதவாது. பயப்படுகிறவர் முதலில் பாலத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் நிற்கட்டும். மற்றவர்கள் கடந்து போவதைப் பார்க்கட்டும். பிறகு, முன்னால் ஒருவர் போக, அவருடைய முதுகில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு, கையால் பக்கத் தடுப்பைப் பிடித்தபடி நடக்கட்டும். கீழே பார்க்கக் கூடாது என்று சொல்லாதீர்கள். சொன்னதும் கண் கீழேதான் போகும். அவர் முதுகைப் பார் என்று சொல்லுங்கள். பாலத்தில் நின்று படம் எடுப்பது, ஆட்டுவது, பின்னாலிருந்து சத்தம் போடுவது எதுவும் வேண்டாம். பெற்றோர் குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். விரலைப் பிடித்தால் உருவிக்கொண்டு ஓடிவிடும்.

உச்சியில்

பாலத்தைத் தாண்டிக் கடைசி வாயிலுக்குள் நுழைந்துவிட்டால் பிறகு கஷ்டமில்லை. அரங்கநாதர் கோயில், களஞ்சியம், கண்காணிப்பு மண்டபம், ஒரு பெரிய பீரங்கி. கோயிலைக் கும்பிட்டுவிட்டு வடக்குப் பக்க விளிம்புக்கு வந்து பாருங்கள். நேர் கீழே கல்யாண மகாலின் கோபுரம் சிறியதாகத் தெரியும். செட்டிகுளம், சக்கரைக்குளம் என்ற இரண்டு குளங்கள். சாலைக்கு அப்பால் கிருஷ்ணகிரி. தென்கிழக்கே சந்திரகிரி. மூன்று குன்றுகளையும் இணைத்து ஓடும் மதிலைக் கண்ணால் தொடர்ந்து போனால்தான் இந்தக் கோட்டையின் அளவு புரியும். கீழே நின்று எத்தனை மணி நேரம் சுற்றினாலும் இது பிடிபடாது. ராஜகிரி ஏற வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இந்தக் காட்சிதான் காரணம்.

செட்டிகுளக் கரையைக் காட்டி, செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜனுக்கு அங்கேதான் சிதை மூட்டினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். 1714 அக்டோபரில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படையை ஒரு சிறு கூட்டத்தோடு எதிர்த்து மடிந்தவன். அவனையும் அவன் தோழன் மகபத் கானையும் பாடும் கதைப்பாட்டு தமிழகத்துத் தெருக்கூத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டிய இராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டை செஞ்சி. மேலே சுவர்களில் ஆணியால் கீறிய பெயர்களையும் அம்பு துளைத்த இதயங்களையும் பார்த்தால் மனம் வலிக்கிறது. தயவுசெய்து ஒரு எழுத்தும் கீறாதீர்கள். கொண்டுபோன பாட்டிலைக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். மேலே கூட்டிப் பெருக்க யாரும் வரமாட்டார்கள்.

முக்கால் மணி நேரத்துக்கு மேல் உச்சியில் தங்க வேண்டாம். இறங்கும்போது பேச்சைக் குறைத்து, கம்பை முன்னால் ஊன்றி, தேய்ந்த நடுப்படியை விட்டு ஓரமாகவே வாருங்கள். மறுநாள் தொடை வலிக்கும், அதற்கடுத்த நாள் இன்னும் வலிக்கும். நாலைந்து நாளில் தானாகப் போய்விடும். வலிக்கிறதே என்று படுத்துக் கிடக்காமல் சமதளத்தில் கொஞ்சம் நடங்கள்.

இவ்வளவு செய்தும் ஒருவேளை இந்த முறையும் திரும்ப நேர்ந்தால், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எதனால் திரும்பினீர்கள் என்று அன்றிரவே எழுதி வையுங்கள். அடுத்த முறைக்கு அதுதான் உங்கள் வழிகாட்டி. உச்சிக்கு ஐம்பது படி மீதி இருக்கும்போது நேரமாகிவிட்டது என்று காவலாளி கூப்பிட்டால், மறுபேச்சு பேசாமல் இறங்கிவிடுங்கள். அந்தப் படிகளில் இருட்டிய பிறகு யாரும் இறங்கக் கூடாது.